சுமை போகும் வழி

ஹாலின் நடுவே மின்விசிறி தொங்குகிறது. எடை நாலைந்து கிலோ இருக்கும். நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கோடையில் இரவு பகல் ஓய்வில்லை. சில வீடுகளில் முப்பது வருடமாகக் கடகடவென்று ஆடிக்கொண்டே ஓடுகிறது, விழுவதில்லை. அதே ஹாலில் அழகாக ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்த பிறகு, ஏறக்குறைய அதே எடையில் ஓர் அலங்கார விளக்கை அதில் மாட்டச் சொன்னால் எலக்ட்ரீஷியன் தயங்குகிறார். "பலகையில வேணாம் சார், தாங்காது" என்கிறார்.

சுற்றாத, ஆடாத, சும்மா தொங்கப்போகிற விளக்கைத் தாங்காதா? அப்படியானால் மின்விசிறியை இத்தனை வருடம் தாங்கியது எது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கூரையில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது, எங்கே மாட்டலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். அதற்குத் தேவை ஒரே ஒரு பழக்கம்தான். தொங்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும், அதன் எடை எதைப் பற்றி எதற்குக் கைமாறி, கடைசியில் எப்படித் தரைக்குப் போய்ச் சேருகிறது என்று தொடர்ந்து பார்ப்பது. பொறியாளர்கள் செய்வது இதைத்தான். அந்தத் தொடரை இந்த அத்தியாயத்தில் 'சுமைவழி' என்று சொல்வோம்.

பார்க்கும் கூரையும் தாங்கும் கூரையும்

அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்குப் படுவது பெயின்ட். அதற்கு மேலே பட்டி. அதற்கும் மேலே சிமென்ட் பூச்சு, சாதாரணமாக 6 முதல் 12 மி.மீ. கனம். இவை மூன்றும் சேர்ந்தாலும் ஒரு விரல் கனத்தைத் தாண்டாது. இவற்றுக்கு மேலேதான் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் இருக்கிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 100 முதல் 150 மி.மீ. வரை இருக்கும்.

பூச்சு எதையும் தாங்குவதில்லை, அதைத்தான் தளம் தாங்குகிறது. கொத்தனார் பூசுவதற்கு முன் தளத்தின் அடிப்பக்கத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்குவது பூச்சு பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. தன் எடையையே இப்படிக் கஷ்டப்பட்டு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றிடம் இன்னொரு சுமையை ஒப்படைக்க முடியாது.

மின்விசிறியின் கதை வேறு. தளம் போடும்போதே, கம்பி கட்டும் கட்டத்தில், 10 அல்லது 12 மி.மீ. கம்பியை வளைத்து, தளத்தின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி, ஃபேன் பாக்ஸுக்குள் கொக்கியாக விட்டுவிடுகிறார்கள். அதன் மேல் கான்கிரீட் விழுந்து இறுகிவிடுகிறது. விசிறியின் எடை கொக்கிக்கு, கொக்கியிலிருந்து தளக்கம்பிக்கு, தளத்திலிருந்து உத்திரத்துக்கு, அங்கிருந்து தூணுக்கோ சுவருக்கோ, கடைசியில் அஸ்திவாரத்துக்கு என்று இறங்குகிறது. இந்த வழியில் எங்கும் பூச்சு வரவில்லை, பட்டி வரவில்லை, பெயின்ட் வரவில்லை. விசிறி விழாததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஃபால்ஸ் சீலிங் என்பது தளத்துக்குக் கீழே ஒன்றிரண்டு சாண் இறக்கி, தகரச் சட்டங்களில் முடுக்கிய ஜிப்சம் பலகை. பார்வைக்கு அதுவும் கூரைதான். சுமைவழியைத் தொடர்ந்தால் அது கூரை இல்லை, கூரையிலிருந்து தொங்கும் இன்னொரு பொருள்.

ஜிப்சத்தின் குணம்

ஜிப்சம் பூமியில் கிடைக்கும் மென்மையான கனிமம். நகத்தால் கீறினாலே கோடு விழும். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் படிகத்துக்குள் பூட்டப்பட்ட தண்ணீர். சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு வெளியேறி வெள்ளைப் பொடியாகிறது. அதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் இருந்த ஜிப்சச் சுரங்கங்களால் அந்தப் பெயர் வந்தது.

இந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றினால், இழந்த நீரை அது திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சமாகிறது. அப்போது ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. பூச்சின் பலம் இந்தப் பின்னல்தான்.

பின்னலை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் நிலைமை மாறுகிறது. படிகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்கள் சிறியவை, அவை பிரிய ஆரம்பித்தால் விரிசல் நிற்காமல் ஓடுகிறது. இரும்பு உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். ஜிப்சம் எச்சரிக்காது. சிமென்ட் பூச்சும் கான்கிரீட்டும் இந்த விஷயத்தில் அதே சாதிதான்: கான்கிரீட்டின் இழுவைத் தாங்குதிறன், அமுக்கத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதனால்தான் அதற்குள் கம்பி வைக்கிறோம்.

ஜிப்சம் பலகைக்குக் கம்பியின் வேலையைச் செய்வது காகிதம். பலகையின் இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் கெட்டிக் காகிதம்தான் வளையும்போது இழுவையை ஏற்கிறது. காகிதம் கிழிந்த இடத்தில் பலகைக்குப் பலம் கிடையாது. ஈரம் பட்டாலோ காகிதமும் நொய்ந்துபோகும், ஊறிய ஜிப்சமும் உலர்ந்ததன் பலத்தில் பாதியளவை இழந்துவிடும். மாடிக் கசிவு ஒரு முறை எட்டிப்பார்த்த ஃபால்ஸ் சீலிங், காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தால் பழையபடி தெரியும். பழைய பலம் வந்துவிட்டதாக எண்ணக்கூடாது.

சுவரில் நிற்பது கூரையில் ஏன் நிற்பதில்லை?

அடுத்த கேள்வி இயல்பாகவே எழும். சுவரிலும் இதே பூச்சுதானே இருக்கிறது? இரண்டு ஸ்க்ரூவில் கனமான சுவர்க் கடிகாரமும் அலமாரியும் நிற்கின்றனவே?

நிற்பதற்குக் காரணம் விசையின் திசை. சுவரில் அடித்த ஸ்க்ரூ படுக்கைவாட்டில் இருக்கிறது, எடை கீழ்நோக்கி இழுக்கிறது. ஸ்க்ரூ சுவரை விட்டு வெளியே வரவேண்டிய கட்டாயமே இல்லை. தனக்குக் கீழே உள்ள சுவரின் மேல் அது சாய்ந்து உட்காருகிறது. செங்கல்லை அமுக்குகிறது, செங்கல்லுக்கு அமுக்கம் பிடிக்கும். கூரையிலோ ஸ்க்ரூ நிற்கும் திசையும் எடை இழுக்கும் திசையும் ஒன்றே. விளக்கின் முழு எடையும் ஒவ்வொரு நொடியும் ஸ்க்ரூவைத் துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. உட்காருவதற்கு அடியில் எதுவும் இல்லை, பக்கவாட்டுப் பிடிப்பு ஒன்றே கதி.

வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பக்கவாட்டில் தள்ளினால் செடி சாயும், பெயராது. நேராக மேலே இழுத்தால் வேரோடு ஒரு மண்கட்டியும் பெயர்ந்து வரும். கான்கிரீட்டில் பதித்த போல்ட்டைப் பெரும் விசையோடு இழுத்தாலும் நடப்பது அதுவே. போல்ட் தனியாக வராது, கூம்பு வடிவத்தில் ஒரு கான்கிரீட் கட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும். கூம்பின் முனை போல்ட்டின் உள்நுனியில் இருக்கும். அதன் வாய் போல்ட் இறங்கிய ஆழத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். 50 மி.மீ. ஆழம் இறங்கியிருந்தால் வாய் 150 மி.மீ.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, ஆழம்தான் பலம். ஆழம் இரண்டு மடங்கானால் கூம்பைப் பெயர்க்கத் தேவைப்படும் விசை இரண்டு மடங்காக நிற்பதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. இரண்டாவது, இரண்டு போல்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் கூம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு இருந்தும் இரண்டின் பலம் கிடைக்காது. தள்ளி அடிக்க வேண்டும்.

இப்போது பூச்சுக்கு வருவோம். 40 மி.மீ. நீளமுள்ள ஒரு பிளக்கை 15 மி.மீ. கனத்துக்குப் பூசிய கூரையில் அடிக்கிறோம். கான்கிரீட்டுக்குள் இறங்கியது 25 மி.மீ. மட்டுமே. ஆழத்தில் குறைந்தது பாதி கூட இல்லை. ஆனால் கூம்பின் கணக்கில் பலம் சரிபாதியாகிவிடுகிறது. எனவே கடையில் பிளக் கேட்கும்போது பூச்சின் கனத்தை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஆழமாகக் கொள்ள வேண்டும்.

துளைக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு

கான்கிரீட்டில் சாதாரண ஸ்க்ரூவை நேரடியாக முடுக்க முடியாது. துளைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிக்கத் தூண்டியதே மின்விளக்குகள்தான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல், கண்ணுக்கு உறுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதுவரை இருந்த வழக்கம், சுவரைப் பெரிதாகக் கொத்தி மரக்கட்டையைச் செருகி அதில் ஸ்க்ரூ முடுக்குவது. ஜான் ஜோசப் ராவ்லிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் சணல் நாரைப் பசையில் ஊறவைத்துச் சிறு குழலாக்கினார். ஸ்க்ரூ உள்ளே ஏற ஏறக் குழல் பருத்துத் துளையின் சுவரை நெரித்துப் பிடித்தது. 1911இல் காப்புரிமை வாங்கினார். நம்மூர் கட்டட வேலைக்காரர்கள் வாயில் புழங்கும் 'ராவல் பிளக்' அவர் பெயர்தான். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில், பல் வைத்துச் செய்தார். இன்று கடையில் பொட்டலமாக விற்பது அதன் வம்சம்.

ஆங்கர் போல்ட்டும் இதே தத்துவம்தான், ஆனால் இரும்பில். நட்டை முடுக்க முடுக்கப் போல்ட்டின் கூம்பு முனை கீழே இறங்கி, தனக்கு அடியில் இருக்கும் உறையை விரிக்கிறது. உறை கான்கிரீட்டை நெரிக்கிறது. நெரிப்பிலிருந்து உராய்வு பிறக்கிறது, உராய்வு எடையைப் பிடித்துக்கொள்கிறது.

இதனால் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிவிடுகிறது: தூசி. டிரில் செய்த துளைக்குள் மாவுபோல் தூள் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் பிளக்கை அடித்தால் பிளக் கான்கிரீட்டை நெரிப்பதில்லை, தூளை நெரிக்கிறது. தூளுக்கு உராய்வு குறைவு. நல்ல வேலைக்காரர் துளையை ஊதிவிட்டு, பிரஷ் போட்டுவிட்டு, மறுபடி ஊதுவார். அந்த அரை நிமிடத்தில் பிடிப்பின் கணிசமான பங்கு அடங்கியிருக்கிறது.

துளையிடும்போதே கூரை தன்னைப் பற்றிச் சொல்லிவிடும். முதலில் வெள்ளைத் தூள் வரும், அது பெயின்ட்டும் பட்டியும். பிறகு மணல்மணலாகச் சாம்பல் நிறத்தில் உதிரும், அது பூச்சு. மெஷின் சுலபமாக ஏறும். சட்டென்று ஓசை கனத்து, கையில் அதிர்வு கூடினால் கான்கிரீட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஏறாமல் கிறீச்சிட்டு, பளபளவென்று இரும்புத் துகள் விழுந்தால் கம்பியில் முட்டியிருக்கிறது. அழுத்தக்கூடாது, துளையை நகர்த்த வேண்டும். பல வீடுகளில் ஃபேன் பாக்ஸிலிருந்து சுவருக்குத் தளத்துக்குள்ளேயே மின்குழாய் ஓடும். ஆகவே அந்த நேர்க்கோட்டைத் தவிர்க்க வேண்டும். மெயினை அணைக்காமல் கூரையில் துளையிடுவது எந்த நாளும் கூடாது.

12 கிலோ சரவிளக்கு: ஒரு கணக்கு

இதுவரை சொன்னதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். அடுக்குமாடி வீட்டின் ஹால். 125 மி.மீ. கான்கிரீட் தளம். 10 மி.மீ. பூச்சு. அதற்கு 20 செ.மீ. கீழே, 12.5 மி.மீ. ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங். மாட்ட வேண்டியது 12 கிலோ எடையுள்ள கண்ணாடிச் சரவிளக்கு.

முதல் கேள்வி: 12 கிலோவுக்கு எவ்வளவு பலம் வேண்டும்? 12 கிலோ என்று சொன்னால் கணக்கு தெரியாதவர் ஆகிவிடுவோம். துடைக்கும்போது இழுப்பார்கள், பல்ப் மாற்றும்போது அழுத்துவார்கள், துளை ஒன்று சரியாக அமையாமல் போகலாம். விளக்குகளுக்கான சர்வதேசத் தர விதியான ஐஇசி 60598, தொங்கும் விளக்கின் தொங்கல் பாகம் விளக்கின் எடையைப் போல் 4 மடங்கை ஒரு மணி நேரம் தாங்கிக் காட்ட வேண்டும் என்கிறது. இந்த மடங்கைக் 'காப்பு மடங்கு' எனலாம். நம் கணக்கில் 48 கிலோ. விளக்கைச் செய்தவர் தன் பாதியைச் சோதித்து அனுப்பிவிடுகிறார். கூரைப் பக்கத்துப் பாதி நம் பொறுப்பு. அதற்கும் அதே 48 கிலோவை வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, பலகையில் நேராக ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் மரை ஜிப்சத்துக்குள் படிகங்களை நொறுக்கிக்கொண்டுதான் ஏறுகிறது. அது பிடித்திருப்பது தானே உண்டாக்கிய பொடியை. கையால் இழுத்தாலே வந்துவிடும். இதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, பலகையைத் துளைத்து, மேலே போனதும் இறக்கை விரித்து உட்காரும் ஸ்பிரிங் போல்ட். இது புத்திசாலித்தனமான சாமான். பிடுங்கும் விசையைப் பலகையின் மேல்முகத்தில் அமுக்கும் விசையாக மாற்றிவிடுகிறது. ஸ்க்ரூ உருவி வராது. ஆனால் பிரச்சினை தீரவில்லை, அடுத்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இப்போது பலகை வளைகிறது. 12.5 மி.மீ. பலகையிலிருந்து 30 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டை வெட்டி, 35 செ.மீ. இடைவெளியில் இரு முனையில் தாங்கி நடுவில் அழுத்தினால், காகித நார் ஓடும் திசைக்குக் குறுக்குவாட்டில் குறைந்தது 210 நியூட்டன், அதாவது சுமார் 21 கிலோ தாங்கினால் போதும் என்கிறது ஐரோப்பியத் தர விதி. அது உடையும் எல்லை, தாங்கும் எல்லை அன்று. கூரையில் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி சுமார் 46 செ.மீ., இன்னும் அதிகம். நமக்கு வேண்டியது 48. விளக்கு இன்று நிற்கும். நாளைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவது வழி, பலகையை விட்டுவிட்டுத் தகரச் சட்டத்தைப் பிடிப்பது. பலரும் நம்புவது இதைத்தான். சட்டத்தின் தகரம் சுமார் அரை மி.மீ. கனம், அதில் ஸ்க்ரூவின் ஒரு மரைதான் கவ்வும். சரி, போல்ட் நட் போட்டு முடுக்கினோம் என்றே வைத்துக்கொள்வோம். சுமைவழியைத் தொடருங்கள். சட்டம் எதில் தொங்குகிறது? சுமார் 4 அடிக்கு ஒன்றாக, தளத்தில் பிளக் அடித்து இறக்கிய தகரப் பட்டைகளில். 4 அடிக்கு 4 அடி என்றால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒன்றரை சதுர மீட்டர் பலகை பங்காக வருகிறது. பலகை சதுர மீட்டருக்கு சுமார் 9 கிலோ. ஆக ஒரு பட்டை ஏற்கெனவே 13, 14 கிலோ தாங்கிக்கொண்டிருக்கிறது. நம் 12 கிலோ விளக்கு அதன் சுமையை ஒரே அடியில் ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. அந்தப் பிளக்கை அடித்தவர் பலகையை மட்டும் மனத்தில் வைத்து அடித்திருக்கிறார். அது உருவினால் விளக்கோடு கூரையும் சேர்ந்து இறங்கும்.

நான்காவது வழி, பலகைக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் தளத்தைப் பிடிப்பது. ஃபேன் கொக்கி அங்கேயே இருந்து, துருப்பிடிக்காமல் இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. இல்லாவிட்டால் தளத்தில் ஆங்கர் போல்ட். கான்கிரீட்டுக்குள் 50 மி.மீ. இறங்கும்படி சரியாகப் பொருத்திய ஒரு 8 மி.மீ. ஆங்கரின் பாதுகாப்பான தாங்குதிறன், நல்ல கான்கிரீட்டில், நூறு கிலோவைத் தாராளமாகத் தாண்டும். அதிலிருந்து மரை போட்ட இரும்புத் தண்டை இறக்கி, பலகையில் தண்டைவிடச் சற்றுப் பெரிய துளை விட்டு வெளியே எடுத்து, விளக்கை மாட்ட வேண்டும். விளக்கின் மேல்மூடி துளையை மறைத்துக்கொள்ளும். தண்டு பலகையைத் தொடக்கூட வேண்டியதில்லை. கட்டுக்கம்பியை முறுக்கித் தொங்கவிடுவது மட்டும் கூடாது. முறுக்கிய கம்பி மெல்ல அவிழும்.

இங்கே ஒரு நுணுக்கம். தளம் தன் எடையிலேயே நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்கிறது. தொய்யும்போது மேல்முகம் அமுக்கப்படுகிறது, கீழ்முகம் இழுக்கப்படுகிறது. எனவே மயிரிழை விரிசல்கள் கீழ்முகத்தில், அறையின் நடுப்பகுதியில்தான் அதிகம். நாம் விளக்கு மாட்ட விரும்பும் இடமும் அதுவே. விரிசல் ஓடும் இடத்தில் ஆங்கரின் பிடிப்பு குறையும் என்பதால், அதற்கென்றே சோதிக்கப்பட்ட ஆங்கர்கள் விற்கின்றன. கனமான விளக்குக்கு அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டியாயிற்று. சோதிப்பது எப்படி? ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. நமக்கு வேண்டிய 48க்குக் கிட்டத்தட்ட அதே. விளக்குக்கு முன்னால் அந்தத் தண்டில் மூட்டையைக் கட்டி, தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் மட்டும் தொங்கவிட்டு, அடியில் யாரையும் விடாமல் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தண்டு ஒரு மி.மீ. இறங்கியிருந்தாலும் அந்த ஆங்கரை நம்பக்கூடாது.

கனமான விளக்குக்குத் துணைக்கு ஓர் எஃகுக் கயிற்றை வேறொரு ஆங்கரில் கட்டிவைப்பது நல்ல வழக்கம். அதைத் தொளதொளவென்று விடக்கூடாது. விளக்கு 5 செ.மீ. விழுந்து, அரை செ.மீ. நீட்சிக்குள் நிறுத்தப்பட்டால், நிறுத்தும் கயிறு சராசரியாக விளக்கின் எடையைப் போல் 11 மடங்கு விசையைத் தாங்க வேண்டிவரும். 12 கிலோ விளக்கு அந்தக் கணத்தில் 132 கிலோவாக இழுக்கும். தொய்வு குறையக் குறைய இந்த எண்ணும் குறையும்.

மின்கம்பி சுமைவழியில் வரவே கூடாது. எடை முழுவதும் தண்டிலோ சங்கிலியிலோ இருக்க, கம்பி சற்றுத் தளர்வாக ஓட வேண்டும். உலோக விளக்கு என்றால் எர்த் கம்பி கட்டாயம்.

ஒரு மணி நேரம் போதுமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006 ஜூலை 10 அன்று இரவு ஒரு சாலைச் சுரங்கத்தின் தொங்கு கூரை விழுந்தது. சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகளும் தொங்கல் சாமான்களும். கீழே போய்க்கொண்டிருந்த காரில் இருந்த பெண் இறந்தார். பலகைகள் மேலே இருந்த தளத்தில் துளையிட்டு, எபாக்ஸி பசை ஊற்றிப் பதித்த போல்ட்களில் தொங்கின. பதித்த காலத்தில் இழுத்துச் சோதித்திருந்தார்கள். 1999இலேயே சில போல்ட்கள் கீழிறங்கியது தெரிந்து சரிசெய்தும் இருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்ட காரணம் இது: பயன்படுத்திய பசை சீக்கிரம் இறுகும் வகை. சில நிமிட இழுவையை அது நன்றாகத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் விடாமல் இழுத்தால், பாகுபோல் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும்.

நிலையான சுமையில் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போவதை 'மெல்லூர்வு' எனலாம். பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் இது அதிகம், சூட்டில் இன்னும் அதிகம். மொட்டைமாடிக்குக் கீழ் அறைகளில் சித்திரை வெயிலில் தளம் எப்படிக் காயும் என்பது நமக்குத் தெரியும். கூரையில் கனமான எதையும் நைலான் பிளக்கிலோ பசையிலோ மட்டும் நம்பித் தொங்கவிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிமென்ட் மூட்டைச் சோதனை இன்றைய பலத்தைச் சொல்லும். மெல்லூர்வைப் பற்றி அதற்குத் தெரியாது. அதற்கு இரும்பு ஆங்கரும், வருடத்துக்கு ஒரு முறை அண்ணாந்து பார்ப்பதும்தான் வழி.

பூச்சும் மூப்படையும். லண்டனில் 1901இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கில் 2013 டிசம்பர் 19 அன்று, நாடகம் நடந்துகொண்டிருந்தபோது பூச்சுக் கூரையின் ஒரு பகுதி பார்வையாளர்கள் மேல் விழுந்தது. 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்தக் கூரையை மேலிருந்த மரச்சட்டங்களோடு கட்டியிருந்தவை பிளாஸ்டரில் தோய்த்த சணல் துணிப் பட்டைகள். நூறாண்டுக்கு மேல் ஆகி அந்தச் சணல் நொய்ந்துபோயிருந்தது. கீழே நின்று பார்த்தவர்களுக்கு அலங்காரக் கூரை பழுதில்லாமல்தான் தெரிந்தது.

மரக்கட்டைக் கூரை வீடுகள்

பழைய சென்னை வீடுகள் பலவற்றிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, மேலே செங்கல் ஜல்லிக் காரையும் தட்டோடும் போட்ட கூரை. இங்கே சுமைவழி கட்டைதான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தெரியும் பூச்சுக்குப் பின்னால் இருப்பது சுண்ணாம்பும் செங்கல்லும். ஆங்கர் அடித்தால் அது விரியும் விசையிலேயே செங்கல் நெகிழும். கட்டையில் முதலில் மெல்லிய துளை போட்டு, நீளமான மரை ஆணி முடுக்கிக் கொக்கி வைத்தால் மர நார் அதைக் கவ்விக்கொள்ளும். கட்டையின் சுவர் முனை, சுவருக்குள் ஈரம் தங்கும் இடம். கறையானும் உளுத்தலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆகவே முதலில் அந்த முனையைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கான்கிரீட் வீடுகளில் கறையானின் வேலையைத் துரு செய்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகி, கீழிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. கடலோர ஊர்களில் இது சாதாரணம். கூரையில் பழுப்புக் கறையோ, கம்பி ஓடும் கோட்டில் விரிசலோ, தட்டினால் பொள்ளென்ற ஓசையோ இருந்தால் அங்கே எந்த ஆங்கரும் வேண்டாம். முதலில் தளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வாங்குவதற்கு முன்

இதெல்லாம் விளக்கு வாங்கி வந்த பிறகு யோசித்தால் செலவு. முன்னால் யோசித்தால் செலவே இல்லை. கடையில் விளக்கின் விலையைக் கேட்கும்போதே எடையையும் கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரிடம், பலகை மூடுவதற்கு முன்பே, எந்த இடத்தில் எத்தனை கிலோ தொங்கப்போகிறது என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் தளத்திலிருந்து ஆங்கரும் தண்டும் இறக்கிவிட அவருக்குச் சில நிமிடம்தான் ஆகும். மூடிய பிறகு அதே வேலைக்குப் பலகையை அறுக்க வேண்டும். பலகை மூடும் முன் கூரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி எங்கே, குழாய் எங்கே, சட்டம் எங்கே என்று பத்து வருடம் கழித்தும் அது சொல்லும். புது வீடு கட்டுபவர் என்றால், தளம் போடும் அன்று ஹாலிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் ஒரு கொக்கி கூடுதலாக விடச் சொல்லுங்கள். ஒரு முழக் கம்பிதான் செலவு, கட்டடம் இருக்கும்வரை அது உதவும்.